ஆத்மநாதனின் காசி வேன்

காசிக்குப் போகலாம் என்று ஆத்மநாதன் முதன்முதலில் சொன்னபோது மனைவி அமராவதியின் தலையில் ஒரு நரைகூட இல்லை. இப்போது கறுப்பைத்தான் தேட வேண்டும். ஒரு வருஷம் மில்லில் பெல்ட் அறுந்தது. ஒரு வருஷம் ரயில் சோறு ஆகாது என்றார். அப்புறம் சத்திரத்துத் தண்ணீர். ஆவுடையார்கோவிலில் ரைஸ் மில் வைத்திருக்கும் சைவ முதலியார், கண்ட இடத்தில் கை நனைப்பாரா?

"பழைய வேன் ஒண்ணு வாங்கி வீடாவே மாத்திப்புடுறேன். அடுப்பு, கட்டிலு, பூசை மாடம் எல்லாம் உள்ளயே" என்று இந்தச் சித்திரையில் கடைத்தெரு முழுக்க அறிவித்துவிட்டார். இனிப் பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். அமராவதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பார்த்தது கோட்டைப்பட்டினத்து மீன் வியாபாரி இன்னாசியின் வண்டி. யுத்தத்தில் ஓடிய ஆம்புலன்ஸ். ஏலத்தில் எடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தியிருந்தார். அமராவதி உள்ளே ஏறி நிமிர்ந்து நின்றாள். கொண்டையை அவிழ்த்து, இரு கைகளையும் தூக்கி மறுபடி முடிந்தாள். முழங்கை எங்கும் இடிக்கவில்லை.

"இதுவே போதுங்க."

"பிணம் ஏறின வண்டி, புள்ள."

"காசிக்குப் போறவுக பிணத்துக்குப் பயந்தா எப்படிங்க?"

ஆத்மநாதன் கட்டுமாவடிக்குக் கிளம்பினார். அங்கே இருளாண்டியிடம் ஒரு நீள வேன். முகப்பில் பளபளவென்று நிக்கல் பட்டை. "இதுல நீங்க உக்காந்து போனா, மகாராசாவே ஒதுங்கி வழி விடுவாருங்க" என்றான் இருளாண்டி. இன்ஜினைத் திறந்து பார்க்காமலே வண்டி தேர்வாகிவிட்டது.

கூரை அமராவதியின் உச்சியில் இடித்தது. "நிக்க முடியலீங்களே."

"சாமியப் பாக்கப் போறவ கொஞ்சம் குனிஞ்சாத்தான் என்ன?"

"முன்னாடி இதுல என்ன ஏத்துனாக?"

"உப்பு" என்றார் ஆத்மநாதன், நிக்கல் பட்டையில் மீசையைப் பார்த்தபடி.

வண்டி வீட்டுக்கு வந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். வெளியே பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே இருந்த பழைய பலகைகளை மட்டும் அவர் தூக்கிப்போட விடவில்லை. பர்மா தேக்காம். இழைத்துக் கட்டிலாகவும் மேடையாகவும் போட்டார்.

"வண்டிக்கு அடியில பூனையா வந்து படுக்குதுங்க."

"எலி இருக்கும்."

உப்புக்கு எந்தப் பூனை வரும்? மறுநாளே அமராவதி பஸ் ஏறி இன்னாசியைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு வண்டி வேணாம்னு ஆச்சுன்னா, ஒங்க வண்டியோட மாத்திக்கிறீகளா?"

"கருவாடு ஏத்த அதைவிட நல்ல வண்டி ஏது, ஆத்தா? நாள மட்டும் சொல்லுங்க, வாரேன்."

புறப்படும் நாள் காலை. ஊரே கூடியிருந்தது. இந்த ஊர்க் கோயிலில் சுடுசோற்றைக் கல்மேடையில் கொட்டுவார்கள். எழும்பும் ஆவிதான் ஆண்டவனுக்கு நைவேத்தியம். ஆத்மநாதன் சும்மா கிளம்புவாரா? வேனுக்குள் பொங்கிய முதல் சோற்றை அப்படியே தேக்கு மேடையில் கொட்டச் சொன்னார். கதவைச் சாத்தினார். "ஆவி நல்லா எழும்பட்டும்" என்று வெளியே நின்று கைகூப்பினார். ஓதுவார் தேவாரம் தொடங்கினார்.

ஆவி நன்றாகவே எழும்பியது. பலகையின் ஒவ்வொரு இடுக்கிலும் ஊறிக் கிடந்த நெத்திலியும் வாளையும் சுறாவும் கண்விழித்தன. கதவைத் திறந்ததும் ஓதுவாரின் பாட்டு பாதியில் நின்றது. அங்கவஸ்திரம் மூக்குக்குப் போனது. முதல் பூனை கூட்டத்தைத் தாண்டி உள்ளே குதித்தது. பின்னாலேயே மற்றவை.

"முதலியாரே, சாமி இன்னிக்குச் சைவம் இல்லையோ?" என்றது ஒரு குரல்.

ஆத்மநாதன் தலை குனிந்தார். அந்த வேனுக்கு ஏற்ற உயரம். "சகுனம் சரியில்லை. அடுத்த வருஷம் பாப்போம்."

"தேரடியில இன்னாசி அண்ணன் நிக்கிறாக. அவுக வண்டி நமக்கு, இது அவுகளுக்கு. பேசியாச்சு."

"புள்ள, அது பிணம்..."

"பிணம் மணக்கலீங்களே" என்றாள் அமராவதி.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆத்மநாதன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேரடிக்கு நடந்தார். அமராவதி ஆம்புலன்ஸில் முதல் ஆளாக ஏறி, நிமிர்ந்து நின்று, கொண்டையை அவிழ்த்து முடிந்தாள்.