கேமராவுக்காக இன்னொரு தாவல்

வீட்டில் அவள் குட்டி. பத்திரிகைகளுக்குத்தான் ‘பனிப்புயல்’. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்த மகானுபாவர் பனிச்சறுக்கு அரங்கத்துக்குள் ஒரு நாளாவது கால் வைத்திருப்பாரா என்பது சந்தேகம். வைத்திருந்தால், அந்தப் புயல் கணுக்கால் வலி தாங்காமல் கழிப்பறைக்குள் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருப்பார். அடுத்த வாரம் தேசிய அணித் தேர்வு. காற்றில் நான்கு சுற்று சுழன்று என் தங்கை ஜெயித்தாக வேண்டும் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

அன்று தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். குட்டி நான்கு சுற்றும் சுழன்று ஒற்றைக் காலில் அழகாக இறங்கினாள். “இன்னைக்கு இது போதும், கால் தாங்காது,” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். குட்டி பிளேடு வைத்த ஷூவைக் கழற்றி, வீங்கிய கணுக்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டாள்.

நிருபர் பல்லை இளித்துக்கொண்டு வந்தார். “ஒரு சின்ன உதவி. அவ இறங்குறப்ப எங்க ஆளே குறுக்க வந்துட்டாரு, படம் வீணாப்போச்சு. இன்னொரு தடவை பண்ணிடலாமா?”

“கால் சூடு ஆறி இறுகிப்போச்சு சார். இப்ப தாவக் கூடாது,” என்றேன்.

அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அம்மாவைப் பார்த்தார்.

அம்மா கெட்டவள் இல்லை. எங்களுக்காக ஓடாய்த் தேய்ந்தவள். ஆனால் கேமராவைக் கண்டால் தலைகால் புரியாது. “சார் இவ்வளவு தூரம் வந்திருக்காருல்ல? ஒண்ணே ஒண்ணு, குட்டி,” என்று மண்டியிட்டு, வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்து லேஸைக் கட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முடியாதுன்னு சொல்லுடி.”

“சொன்னா பயந்துட்டான்னு போடுவாங்கக்கா,” என்றாள் குட்டி.

போனாள். தாவினாள். இறங்கிய கால் அப்படியே மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. நானும் அம்மாவும் ஓடினோம். கேமராக்காரர் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

நடக்கலாம், இனி தாவ முடியாது என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரி அறை டிவியில், மாலைச் செய்தியில் அவள் விழுந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அடுத்து வேறொரு சிறுமி வந்தாள், பன்னிரண்டு வயதிருக்கும். அவளுக்கும் ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. அம்மா டிவியை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கம் தெளிந்ததும் குட்டி காலைப் பற்றிக் கேட்கவில்லை.

“அக்கா, இந்தத் தடவையாவது ஒழுங்கா எடுத்தாங்களா?”

“எடுத்துட்டாங்க,” என்றேன்.