மே மாதத்துப் பிறந்தநாள்

உலக வரலாற்றில் சுரங்க நகரமான கடோமா தன் பங்குக்கு எதையும் செய்ததில்லை என்ற பழி இன்றோடு நீங்கியது. நல்மாலை முதியோர் இல்லத்தின் கண்காணிப்பாளர் உயர்திரு மகோனேசே அவர்களின் சிந்தையில் உதித்த மகிழ்ச்சித் திட்டம் தொடங்கிவிட்டது என்பதைச் சகலருக்கும் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறோம்.

திட்டம் சுவரில் ஒட்டப்பட்டது. அதன் முதல் சாதனை, மாமரத்தடியில் மண்ணில் குழி குடைந்து, பல்லாங்குழி மாதிரியான சோரோ ஆடிக்கொண்டிருந்த கிழவர்களைக் கலைத்தது. 'பலகை விளையாட்டு' என்று எழுதிய அறைக்குள் அவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அறையில் பலகை இல்லை.

திட்டத்தின் மகுடம் பிறந்தநாள் விழா. மாதம் ஒருவருக்கு. இங்கே பாதிப்பேர் சின்ன வயதில் மலாவியிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் சுரங்க வேலைக்கு நடந்து வந்தவர்கள். என்றைக்குப் பிறந்தோம் என்பது அவர்களுக்கும் தெரியாது, அவர்கள் அம்மாவுக்கும் தெரியாது. அடையாள அட்டையில் இருப்பது வருஷம் மட்டும்; அதுவும் குமாஸ்தா அவர்கள் மூஞ்சியைப் பார்த்து மதிப்புப் போட்டது. "தேதி இல்லாதவர்களுக்கு நான் தேதி தருவேன்!" என்று முழங்கினார் மகோனேசே. தந்தார்.

பிப்ரவரியில் ஜைரோசிக்குத் தந்தார். கட்டிய பலூன் சுருங்குவதற்குள் ஜைரோசி போய்விட்டார். மார்ச்சில் தூதைக் கிழவி. மிச்சக் கேக் தீரவில்லை, அவள் தீர்ந்துவிட்டாள். ஏப்ரலில் பாஸ்கோ. அவர் மெழுகுவர்த்தி ஊதிய மூச்சே கிட்டத்தட்ட கடைசி.

மே மாதத்துப் பிறந்தநாள் லேட்டன் கச்சிங்வேவுக்கு என்று அறிவித்தார்கள்.

லேட்டன் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர். கூரை சரிந்து இருட்டில் கிடந்தபோதுகூடப் பாட்டுப் பாடிக்கொண்டு கிடந்தாராம். அந்த மனுஷருக்கு இப்போது தேநீர்க் கோப்பை கையில் நிற்கவில்லை. சட்டையெல்லாம் தேநீர்.

"என்னடா இது, இப்பவே நனைஞ்சிட்ட? கடைசியாக் குளிப்பாட்டுறதுக்கு ஆள் வருமே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் எவரிஸ்டோ. அவர் லேட்டனுக்கு சாஹ்விரா, அதாவது பிணத்தின் முன்னால் நின்றுகூடக் கேலி பேச உரிமையுள்ள நண்பர்.

"வாயை மூடு. எனக்குத் தேதி வேணாம்னு போய்ச் சொல்லிட்டு வா."

"நான் போய்ச் சொன்னா, சரி, நீ எடுத்துக்கோம்பான். உன் கேக்கை நீயே தின்னு, ராசா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

லேட்டன் சுவரைப் பிடித்துக்கொண்டே கிழவர்களைத் தாத்தா என்ற பொருளில் 'செகுரு' என்றே கூப்பிடும் நர்ஸ் முச்சநேட்டாவிடம் போனார்.

"தாயி, யார் பேரு வரணும்னு சீட்டுப் போட்டு எடுக்கறாங்களா?"

"உக்காருங்க செகுரு. மூச்சு வாங்குது பாருங்க."

"சீட்டா, இல்லையா? அதைச் சொல்லு."

நர்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்த வேலைக்கு அது பெரிய குறை.

"பேரை நான்தான் கொடுக்கிறேன் செகுரு. ரொம்ப முடியாம இருக்கிறவங்களை முதல்ல... வருஷக் கடைசிவரைக்கும் காத்திருந்தா ஒருவேளை... ஒரு பாட்டு, ஒரு கேக்குகூட இல்லாமப் போயிடக் கூடாதேன்னுதான்."

அதுவரை அவர் பயந்தது கேக்குக்கு. கேக்கைத் தொடாமல் தப்பிக்கலாம். இப்போது தப்பிக்க வழியே இல்லை. அன்று சட்ஸா என்கிற மக்காச்சோளக் களியைப் பிசைந்துவைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார், வாய்க்குப் போகவில்லை. யாராவது இருமினால் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

விழா வந்தது. தலையில் காகிதத் தொப்பி, எதிரே கேக். மகோனேசே உரையாற்றினார். முதுமை ஒரு கனி என்றார், இல்லம் ஒரு தோட்டம் என்றார். கொஞ்ச நாளாக இங்கே உலவும் மூடநம்பிக்கைகளை, படித்தவன் என்ற முறையில், காலால் எட்டி உதைப்பதாகச் சொன்னார். உதைத்தும் காட்டினார். ஒரு நாற்காலி சாய்ந்தது.

லேட்டன் அந்த உரையை ஒரு சொல் விடாமல் கேட்டார். இல்லத்தில் அதை அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பயந்தவனுக்கு யார் தைரியமாகப் பேசினாலும் சரி.

"ஐயா, கை ஆடுது. நீங்களும் சேர்ந்து கத்தியைப் பிடிங்க. இன்னைக்கே உங்களுக்கும் பொறந்தநாள்னு வெச்சுக்குவோம். படிச்சவங்க பிடிச்சா எனக்குத் தெம்பா இருக்கும்."

மகோனேசே கையை நீட்டினார். கத்தியைப் பார்த்தார். நீட்டிய கை மெதுவாகத் திரும்பி, அவருடைய கழுத்துப்பட்டையைச் சரிசெய்யப் போய்விட்டது.

"எனக்கு... நவம்பர். அட்டையிலேயே இருக்கு. அதோட சர்க்கரை வேற."

"தின்ன வேணாம் ஐயா. தொட்டா போதும்."

மகோனேசே ஓரடி பின்னால் போனார். இன்னோரடி போனார். சாய்ந்து கிடந்த நாற்காலி தடுக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தார். வேறொரு நாளென்றால் மண்டபம் இடிய இடியச் சிரித்திருப்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. லேட்டனின் உதடு வெளுத்தது. படித்தவருக்கும் தெரிந்திருக்கிறது!

எவரிஸ்டோ எழுந்தார். "தள்ளுடா. கத்தி பிடிக்கவா உனக்குச் சம்பளம் கொடுத்தான் சுரங்கக்காரன்?" என்று திட்டிக்கொண்டே, நடுங்கும் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். இரண்டு பேருமாகக் கேக்கை வெட்டினார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை லேட்டன் இறந்துபோனார்.