இரண்டு புள்ளி ஆறு

எங்கள் ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் ஒரு நோட்டு உண்டு. ரத்தத்தில் ஆபத்தான அளவு தெரிந்தால் டாக்டரை போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு 'கேட்டவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுத வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

ஆறு மாதத்துக்கு முன்னால் என் தம்பி வைரஸ் காய்ச்சலோடு இங்கே படுத்திருந்தான். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மட்டும், ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, இரண்டு புள்ளி ஆறு. காய்ச்சலில் சிறுநீரகம் தடுமாறினால் நாலைந்து நாளில் ஆளே சாய்ந்துவிடுவதை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வார்டைப் பார்க்கும் சிடுமூஞ்சி டாக்டருக்குப் போன் போட்டேன்.

"காய்ச்சல் கேசுக்கெல்லாம் கிட்னி கணக்கு சொல்லி என் உயிர வாங்காதம்மா. உன் தம்பின்னா பெரிய இவனா?"

வைத்துவிட்டார். நர்ஸிடம் சொன்னால், "டாக்டர் பாத்துப்பார்க்கா" என்றாள். நோட்டில் கட்டம் காலியாகக் கிடந்தது. நாலாம் நாள் தம்பி போய்விட்டான். அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

அந்தப் பாவி நாசமாய்ப் போக என்று நான் சபிக்காத நாளில்லை. இன்று காலை காய்ச்சல் வார்டிலிருந்து வந்த ரத்த மாதிரிக் குழாய் ஒன்றில், நோயாளி என்று அவர் பெயர். கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்பது. மறுபடி மெஷினில் ஓட்டினேன். அதேதான்.

காய்ச்சல்காரர்களின் கிட்னி அளவுக்குப் போன் வேண்டாம் என்று, தம்பி போன பிறகு அவரே போட்ட உத்தரவு சுவரில் ஒட்டியிருக்கிறது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது. சாயங்காலம் ரிப்போர்ட்டோடு போகட்டும் என்று விட்டேன். மனசு குளுகுளுவென்று இருந்தது. டீ கூடக் குடித்தேன்.

பாதி டீயில் உறைத்தது. இந்த ஆள் செத்தால் நல்ல மனுஷன் என்று நாலு பேர் அழுவார்கள். தம்பி விஷயமும் அவரோடு போய்விடும். லேசில் விட நான் என்ன இளிச்சவாயா? வார்டுக்குப் போன் போட்டு நர்ஸிடம் அளவைச் சொன்னேன். பெரிய டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. போனை அந்தச் சிடுமூஞ்சியின் காதில் வைக்கச் சொன்னேன்.

"கிரியேட்டினின் ரெண்டு புள்ளி ஒம்போது, டாக்டர். திருப்பிச் சொல்லுங்க."

சொன்னார். குரல் கம்மியிருந்தது.

"இன்னொண்ணு பாக்கியிருக்கு. என் தம்பிக்கு ரெண்டு புள்ளி ஆறு. அதையும் சொல்லுங்க."

போனை எடுக்கச் சொல்லி நர்ஸிடம் முனகினார்.

"நான் வைக்கமாட்டேன், டாக்டர். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

"ரெண்டு... புள்ளி ஆறு."

"யாருக்கு?"

"உன் தம்பிக்கு."

நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி, காலிக் கட்டத்தில் அவர் பெயரையும் இன்றைய தேதியையும் எழுதினேன். பிழைத்து வரட்டும். பெரிய டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டும்போது அவரும் எதிரே நிற்க வேண்டும்.