சுறா கடித்த கால்

சுறா கடித்தது வலது காலை. நோட்டம்மா அதைப் பச்சை மையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, எத்தனை பொத்தான், எத்தனை நாள் தாடி என்று குறித்து வைப்பதுதான் படப்பிடிப்பில் அவள் வேலை. பதினோரு வருடம் நோட்டும் கையுமாக அலைந்ததில் அவளுடைய சொந்தப் பெயர் யூனிட்டுக்கு மறந்தே போயிருந்தது.

அந்தப் பெயரை இயக்குநர் இப்போது தேடிப் பிடித்திருந்தார்.

"டைட்டில்ல உன் பேரைத் தனி கார்டா போடுறோம்மா," என்றார், எடிட்டிங் அறையின் சுழல் நாற்காலியில் அரைவட்டம் அடித்தபடி. "இவ்ளோ பெரிய எழுத்துல. இதுவரைக்கும் எவனாவது போட்டிருக்கானா?"

எவனும் போட்டதில்லை. ஜெனரேட்டர்காரருக்கும் வேன் ஓட்டுநர்களுக்கும் நடுவில் எறும்பாக ஊர்ந்து, படிப்பதற்குள் மேலே ஏறிவிடும் பெயர் அது.

"எதுக்கு சார் திடீர்னு?"

"எதுக்கா?" பின்னாலிருந்து தயாரிப்பாளர் உறுமினார். இயக்குநருடைய மனைவியின் அண்ணன். தங்கையின் அழுகை தாங்காமல் படம் எடுக்க வந்தவர். "டிரெய்லரப் பார்த்து ஊரே சிரிக்குது. தண்ணிக்குள்ள வலது கால்ல கடி. பாறை மேல இடது கால்ல கட்டு. ஹெலிகாப்டர்ல மறுபடி வலது. கடிச்சது சுறாவா, கொசுவா? இடம் மாத்தி மாத்திக் கடிக்குது!"

"நான் அன்னிக்கே சொன்னேன் சார்."

அவள் சொல்லாதது எதுவுமில்லை. மூன்று நாள் பாறையில் கிடந்தவனுக்குத் தாடி வேண்டும் என்றாள். "ஹீரோவுக்குத் தாடி அரிக்கும்" என்றார் இயக்குநர். உடம்பெல்லாம் புள்ளி போட்ட அந்தச் சுறா ஆளைக் கடிக்காது, தண்ணீரை வடிகட்டிப் பொடி மீன் தின்னும் சாது என்றாள். "அதோட வாயைப் பார்த்தியா, எவ்ளோ பெருசு!" என்றார். சுறாவுக்குக் குரலே கிடையாது, கர்ஜிக்க விடாதீர்கள் என்றாள். "சுறாவுக்குக் குரல் இல்லாம இருக்கலாம்மா, ரசிகனுக்குக் காது இருக்கே," என்று அவர் சொன்னதும் யூனிட்டே கை தட்டியது.

கால் விவகாரம் இன்னும் எளிது. இடது கன்னம்தான் அழகு என்று ஹீரோவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பாறையில் அவர் அந்தக் கன்னம் தெரியப் படுத்தார். வலது கால் அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. கன்னத்தையும் விட முடியாது, காயத்தையும் விட முடியாது. "காயத்தை இந்தப் பக்கம் எடுத்து வைங்கப்பா," என்றார் இயக்குநர், சோபாவை நகர்த்தச் சொல்வது போல. மேக்கப்காரர் எடுத்து வைத்தார்.

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க," என்று தயாரிப்பாளர் ஒரு தாளை நீட்டினார். "மேடையில இதைப் படிச்சிடு. உன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு."

"நான் பார்த்த வேலையில தப்பே இல்லையே சார். பேசாம என் பேரை எடுத்துடுங்க."

"பேரை எடுத்துட்டா பழியை யார் மேல போடுறது?" என்றார் இயக்குநர், உண்மையாகவே புரியாமல். "படிக்கலைன்னு வை, எந்த யூனிட்லயும் உனக்கு வேலை இருக்காது. நானே ஒவ்வொருத்தருக்கா போன் போடுவேன்."

நோட்டம்மா தாளை மடித்தாள். படித்தால் இடது வலது தெரியாதவள், படிக்காவிட்டால் திமிர் பிடித்தவள். அடுத்த மாதம் தொடங்கும் படத்தின் மேனேஜர் காலையில்தான் பேசியிருந்தார்: "நாளைக்குப் பத்திரிகைக்காரங்க கூட்டத்துல என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு உன் வேலையைப் பத்திச் சொல்றேம்மா." இந்தத் தொழிலைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹோட்டல் அரங்கில் பேனர், பூச்செண்டு, குளிரூட்டிய காற்று. ஹீரோ நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். படப்பிடிப்பு முடிந்து ஐந்து மாதம் ஆகியும் பாத்திரம் அவரை விட்டுப் போகவில்லை என்று இயக்குநர் தழுதழுத்தார். "நடிக்கல சார், வாழ்ந்துட்டார். இன்னும் வலி இருக்கு." ஹீரோ வலது தொடையைப் பிடித்துக்கொண்டு வலியை அடக்கினார். தயாரிப்பாளர் மூக்கை உறிஞ்சினார்.

"ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு. அதுக்குக் காரணமானவங்க மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க," என்று இயக்குநர் மைக்கில் தொடர்ந்தார்.

நோட்டம்மா மைக் முன்னால் வந்து தாளைப் பிரித்தாள். 'எனது கவனக்குறைவால்' என்ற முதல் இரண்டு சொல்லையும் படித்துவிட்டாள்.

அதற்குள் புகைப்படக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், இந்தப் பக்கம் ரெண்டு நடை நடங்க சார்! அம்மா, நீங்க கொஞ்சம் தள்ளுங்க!"

ஹீரோ இடது கன்னத்தைக் கேமராக்களுக்குக் கொடுத்தபடி திரும்பி நடந்தார். கேமரா பக்கம் இருந்த இடது கால் தரையில் இழுபட்டது. வலது கால் கல்யாணத்துக்குப் போவது போல் ஜம்மென்று முன்னால் போனது.

பதினோரு வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. "சார், கால் மாறிடுச்சு," என்றாள் நோட்டம்மா, மைக்கிலேயே.

கடைசி வரிசையில் ஒருவர் கொக்கரித்தார். பிறகு மொத்த அரங்கமும் சிரிப்பில் வெடித்தது. கேமராக்கள் முகத்தை விட்டுவிட்டு, முதல் முறையாக, காலைப் படம் பிடித்தன.

"வாயை மூடு!" என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். அதுவும் மைக்கில் விழுந்தது.

ஹீரோவுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்று, நல்ல பிள்ளையாகக் கேட்டார்: "அப்போ எந்தக் கால்மா?"

நோட்டம்மா தாளை நான்காக மடித்து இயக்குநரின் பூச்செண்டுக்குள் செருகினாள்.

"சுறா கடிச்சது வலது கால் சார். இடது காலைக் கடிச்சது யாருன்னு இவர்கிட்ட கேளுங்க."

அவள் படியிறங்கினாள். முன்வரிசையில் பன்னிரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தன. எல்லாம் இயக்குநரை நோக்கி.