லேபிளுக்குப் பத்து, பேச்சுக்கு ஒன்று

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் துபாயில் இருந்தபோது காரைக்காலிலிருந்து உறவினர்கள் பேசி அனுப்பிய கேசட்டுகளை எழுத்தாக்கிக் கணினியில் ஏற்றியிருந்தேன். மறைந்த அம்மாவின் கேசட்டைத் தேடி, ‘காதர் பாட்சா’ என்று அத்தாவின் பெயரைத் தட்டினேன். எல்லா லேபிளிலும் அந்தப் பெயர்தான்; பேசியவர் பெயர் இல்லை. பெரியப்பாவின் வயல் தகராறு முதலில் வந்து நின்றது. தேடலில் லேபிளுக்குப் பத்து எடை, பேச்சுக்கு ஒன்று என்று வைத்த மடையன் நானேதான். தலைகீழாக்கினேன். அப்போதும் முதல் பக்கத்தில் அம்மா இல்லை.

தங்கை ரிஃபானா போனில் சிரித்தாள். “அம்மா என்னைக்குண்ணே அத்தா பேரச் சொன்னாங்க? உங்க பேரப் போடுங்க.”

‘நசீம்’ என்று போட்டேன். அம்மா முதலில் வந்தார்.

“நசீம் அத்தா, சாப்புட்டீங்களா? நசீம் அத்தா, எப்ப வருவீங்க?”

அரை மணி நேரத்தில் என் பெயர் நாற்பத்தொரு தடவை. ஒருதடவைகூட அவர் கூப்பிட்டது என்னை அல்ல.