அண்ணியின் அலமாரிக்கு ஒரு ஜிக்

கடைக்காரர் மூன்று ஜிக்குகளை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே அவர் கணக்கு புரிந்துவிட்டது. விலை கூடியது என் கைக்குப் பக்கத்தில், குறைந்தது அவர் முழங்கைக்குப் பின்னால். நான் எட்டி அந்தக் குறைந்ததைத்தான் முதலில் எடுத்தேன்.

"அது பிளாஸ்டிக்குண்ணே. லீவு நாள்ல பொழுது போகாம பலகை அறுக்கிறவங்க வாங்குறது. உங்களுக்கு இதுதான் சரி" என்று விலை கூடியதை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு எது சரின்னு என் பை சொல்லும். நீங்க சும்மா இருங்க."

ஜிக் ஒன்றும் பெரிய மந்திரமில்லை. வரிசையாக ஓட்டை போட்ட ஒரு சட்டம், அவ்வளவுதான். பலகைமேல் வைத்து இறுக்கி, ஓட்டைக்குள் டிரில்லை விட்டால் துளை கோணாமல் இறங்கும். அலமாரித் தட்டைத் தாங்கும் சின்ன முளைகளுக்கு அப்படித்தான் துளை வேண்டும். இடப்பக்கத் துளைக்கு நேர் மட்டத்தில் வலப்பக்கத் துளை விழ வேண்டும், இல்லாவிட்டால் தட்டு சாய்ந்துவிடும். பிளாஸ்டிக்கில் டிரில் உரசி உரசி ஓட்டையே அகன்று போகும். விலை கூடியது எஃகு, நகை மாதிரி மின்னியது. விலையைக் கேட்டேன், பத்திரமாகக் கீழே வைத்தேன். நடுவில் இருந்தது அலுமினியம். ஒவ்வொரு ஓட்டைக்கும் இரும்பு வளையம் பதித்திருந்தான். ஒரு முனையில் கதவுக் கீலின் கிண்ணம் உட்காரும் குழிக்கும் பெரிய வட்டம் ஒன்று இருந்தது. விலையும் பாதகமில்லை.

கடைக்காரருக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "இது ஒண்ணு போதும்ணே. தட்டுத் துளையும் ஆச்சு, கீல் குழியும் ஆச்சு. ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆள் முடிச்சிடலாம்."

பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "வாயை மூடிக்கிட்டு பில்லைப் போடுய்யா" என்று கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நாங்கள் இரண்டு ஆள்தான். அலமாரியில் அண்ணன் பெட்டி, நான் கதவு. அவர் கீலைத் தொட்டதில்லை, நான் தட்டுத் துளை போட்டதில்லை. கீல் அளவெல்லாம் மில்லிமீட்டரில் வருவதால் எனக்கு மில்லிதான் பழக்கம். அண்ணனுக்கு இஞ்ச். டேப்பில் மில்லி எண்கள் இருக்கிற ஓரத்தை அவர் கண் பார்த்ததே கிடையாது. நான் பட்டறைக்குள் நுழைந்தால், "மில்லி வந்துட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்பார். எங்களைத் தவிர பட்டறையில் ஒரு ஈ காக்கை இருக்காது.

"ஊருக்கெல்லாம் அலமாரி செய்யறீங்க, என் டப்பாவெல்லாம் தரையில கிடக்கு" என்று கல்யாணமான புதிதிலிருந்து அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் "ஆகட்டும்" என்பார். அந்த ஆகட்டும் ஆவதற்குள் பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கடைசியில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகைகளை வீட்டுக்கே கொண்டுபோய், சமையலறைத் தரையில் இடப்பக்கப் பலகையைக் கிடத்தி, கீழிருந்து துளை போடத் தொடங்கினார். முக்கால் உயரம் வந்ததும் டிரில்லை நிறுத்தி, "கொஞ்சம் தண்ணி கொடு" என்றாராம். அண்ணி செம்போடு திரும்பியபோது பலகைமேல் தலையைச் சாய்த்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, "வேலையைத் தொட்டாலே உங்களுக்குத் தூக்கம் வந்துடுமே" என்று அண்ணி திட்டினாராம். சாவு வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாவற்றையும் அழாமல் சொன்னவர், இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் உடைந்துபோவார்.

நேற்று அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பியிருந்தார். "மிச்சத்தை நீ முடிச்சுக் கொடு தம்பி. ஆனா அவர் துளை போட்ட பலகை அப்படியே நிக்கணும். அதை மாத்திடாத" என்றார். அதற்காகத்தான் இந்த ஜிக்.

கடையிலிருந்து நேராக அண்ணி வீட்டுக்குத்தான் போனேன். வலப்பக்கப் பலகையில் ஜிக்கை இறுக்கி, என் முதல் துளையை அண்ணனின் முதல் துளைக்கு நேராக வைத்தேன். டிரில் வெண்ணெயில் போவது போலப் போனது. அட, இவ்வளவு சுலபமா இது, இதற்கா அண்ணன் இத்தனை வருஷம் முதுகு ஒடிந்தார் என்று நினைத்தேன். பெட்டியைத் தற்காலிகமாகப் பூட்டி நிறுத்தி, அடித்தட்டை வைத்து ரசமட்டத்தால் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. நடுத்தட்டில் கொஞ்சம் நகர்ந்தது. மேல்தட்டில் ஓரத்துக்கே ஓடிவிட்டது. உருண்டைப் பென்சில் ஒன்றைத் தட்டின்மேல் வைத்தேன். உருண்டு உருண்டு அண்ணன் பக்கம் போய் நின்றது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஜிக்கில் துளைக்குத் துளை முப்பத்திரண்டு மில்லி. அது வந்த அட்டைப்பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அண்ணன் வைத்தது ஒண்ணேகால் இஞ்ச். வித்தியாசம் கால் மில்லிதான், ஒரு துளையில் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கால் மில்லி துளைக்குத் துளை சேர்ந்துகொண்டே மேலே போயிருக்கிறது. இஞ்சா மில்லியா என்று அவரோடு அத்தனை சண்டை போட்டவனுக்குக் கடையில் இது தோன்றவில்லை பாருங்கள். வேறு எந்த மடையனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

"ஒத்துப்போகல அண்ணி. ரெண்டு பக்கமும் புதுப் பலகை வாங்கி, இந்த ஜிக்லயே போட்டுடறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன்.

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "உன் ஜிக்குக்கு ஒத்து வரலைன்னு அவரைத் தூக்கி வெளிய போடச் சொல்றியா?"

"அவரையா சொன்னேன்? பலகையைத்தானே…" அண்ணி பலகைமேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "துளை வேலை எனக்குக் கைவராது அண்ணி" என்றேன்.

"வராட்டி வரவழை. இவ்வளவு நாள் பக்கத்துல நின்னு என்னத்தைப் பார்த்த?"

மரக்கடைக்குப் போய் வலப்பக்கத்துக்கு மட்டும் வேறு பலகை அறுத்து வந்தேன். இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாகக் கிடத்தினோம். அடிவிளிம்பு நகராமல் அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணனின் ஒவ்வொரு துளையிலிருந்தும் மூலைமட்டம் வைத்து என் பலகைக்குக் கோடு இழுத்தேன், குத்தூசியால் குத்தினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரில்லை இறக்கினேன். ஜிக் அதன் பெட்டிக்குள் கிடந்தது. அதன்மேல் குற்றமில்லை. நாளைக்குப் பட்டறையில் அதோடுதான் என் பிழைப்பு, இரண்டு ஆள் வேலைக்கும்.

அண்ணனின் கடைசித் துளைக்கு வந்தேன். ஆழம் பார்க்க முளையைச் செருகினால் உள்ளே போகவில்லை. துளை பாதிதான் இறங்கியிருந்தது. அந்த இடத்தில்தான் தண்ணீர் கேட்டிருக்கிறார்.

"இதை முழுசாக்கிடவா அண்ணி?"

எட்டிப் பார்த்தார். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரமாயிற்று. "வேணாம் தம்பி. அதைத் தொடாத. அதுக்கு மேலயும் எதுவும் வேணாம்."

"மேல அவ்வளவு இடம் வீணாப் போகும்."

"போகட்டும்."

வாழ்நாளில் உதவாத குழி ஒன்றுகூட நான் போட்டதில்லை. ஆனாலும் அந்தத் துளைக்கு நேராகக் கோடு இழுத்தேன், குத்தூசியால் குத்தினேன், டிரில்லை இறக்கி அதே பாதி ஆழத்தில் நிறுத்தினேன்.

"அதான் வேணாம்னேனே, இது எதுக்கு?" என்றார் அண்ணி.

"அது மட்டும் ஜோடி இல்லாம இருக்க வேணாம்னுதான்…"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று தோன்றியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணி கோபப்படவில்லை. பலகையிலிருந்து கையை எடுத்து, குனிந்து, என் துளையிலிருந்த மரத்தூளை ஊதினார்.

"ஊதிட்டுத்தான் அடுத்த துளைக்குப் போவார்" என்றார்.

அடுத்த துளை இல்லை. நான் டிரில்லைக் கீழே வைத்தேன்.