விடுவிக்கப்பட்டவள்

"இன்னும் ஒரு வாய்ம்மா" என்று மார்கிட் கரண்டியை நீட்டினாள். பார்லிக் கஞ்சி ஓட்டிலியாவின் உதட்டோரம் வழிந்தது.

கரண்டியைத் தானே பிடிக்க ஓட்டிலியாவால் முடியாது. போன அறுவடைக்கு முன் பக்கத்து வீட்டு ரெகுலாவின் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினாள். அது சில நாளில் காய்ச்சலில் போய்விட்டது. சூனியக்காரி என்றார்கள். நகரத்துச் சிறையில் கட்டைவிரல்களை நசுக்கியும் அவள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. குற்றமில்லை என்று ஈஸ்டருக்கு முன் விட்டுவிட்டார்கள். படுத்த படுக்கையாய்த் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு பேரன் பிறந்திருந்தான்.

"அவனை ஒரு தடவை என் பக்கத்துல படுக்க வையேன்."

"தூங்குறாம்மா."

கதவோரத் தொட்டிலில் குழந்தை 'ங்கா' என்றது.

"தூக்கத்துலயும் பேசுறான், உன்ன மாதிரியே" என்றாள் ஓட்டிலியா. பிறகு கேட்கவில்லை.

மார்கிட் அம்மாவின் கண்களையே பார்த்தாள். சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அந்தக் கண்கள் காய்ந்திருந்தன.

"என்னடி அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்லம்மா."

மதிய மணி அடித்தபோது ஓட்டிலியாவின் மூச்சு நின்றிருந்தது.

குளிப்பாட்டுவதற்கு ஊரிலிருந்து ஒரு பெண்ணும் வரவில்லை. ரெகுலா மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"கஷ்டப்பட்டுத்தான் போச்சா?"

"இல்ல. அமைதியாப் போனாங்க."

"என் புள்ள துடிச்சுத்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

உடலைக் கிடத்தப் பலகை போட வேண்டும் என்று மார்கிட்டின் கணவன் வெண்டல் தொட்டிலை நகர்த்தினான். அடியிலிருந்து துருப்பிடித்த அரிவாள் ஒன்று தரையில் விழுந்தது. சூனியம் அண்டாமலிருக்க வைக்கிற இரும்பு.

"இது யாரு வச்சது?"

மார்கிட் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டேயிருந்தாள்.

வெண்டல் கட்டிலருகே குனிந்து, தலையணை உயரத்திலிருந்து தொட்டிலைப் பார்த்தான். அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது.

"அத்தை ஒண்ணுமே கேக்கலையா?"

"கேக்கல."

மறுநாள் சவப்பெட்டியை இறவாரத்தின் கீழ் வைத்திருந்தார்கள். பாதிரியார் வாசலிலேயே ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். வெண்டல் மெதுவாகச் சொன்னான். "மூடிடப் போறாங்க. அவனத் தூக்கிட்டு வா. பாட்டி முகத்த ஒரு தடவை பாக்கட்டும்."

மார்கிட் குழந்தையோடு வந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் கை தானாகச் சால்வையை இழுத்து அவன் முகத்தை மூடியது.

"ஏன் மூடுற?"

"வெயில்" என்றாள்.

வெண்டல் தூறலில் நனைந்திருந்த தொப்பியைக் கழற்றி, உதறி, மறுபடி போட்டுக்கொண்டான்.